சிரட்டையில் இருக்க வேண்டிய எண்ணெய்

1

மிளகாய் கிள்ளிய கையைத் தண்ணீரில் கழுவினால் எரிச்சல் போகாது, பரவும். தேனிப் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வட இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் ஆலை ஊரில், எங்கள் தெருவில் இது தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒன்று நான், இன்னொன்று என் மனைவி எஸ்தர். சென்ற வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு பேருமே கோட்டை விட்டோம்.

அப்போது எங்கள் மகன் டேவிட்டுக்கு நான்கு மாதம். இந்த வாரம் அவனுக்கு ஒரு வயது நிறைந்தது. கேக் வெட்டினோம், படம் எடுத்தோம். படத்தில் அவன் என் மடியில் இருக்கிறான். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுதலாம் என்று தோன்றியது. அவனை என் மடியில் வைத்துக்கொள்ளலாமா கூடாதா என்று ஒரு அலுவலகம் யோசித்துக்கொண்டிருந்த வாரம் ஒன்று உண்டு.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எஸ்தர் இங்குள்ள ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை அவளுக்குத்தான் முதலில் கிடைத்தது. அவள் பின்னால், இரண்டு வயது மகள் மெர்சியைத் தூக்கிக்கொண்டு நான் வந்தேன். மதுரையில் ஒரு நாளிதழில் வெளியூர்ச் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்தவன், இங்கே தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறேன். இரண்டும் ஒரே வேலைதான் என்பாள் எஸ்தர். நான் விடியற்காலையில் போய் மதியம் திரும்புவேன், அவள் மதியம் போய் இரவு திரும்புவாள். வாசலில் குழந்தையைக் கை மாற்றிக்கொள்வோம். ஆகவே சமையல் என் பொறுப்பு. மிளகாயும் என் பொறுப்பு.

2

அந்தச் சனிக்கிழமை இருவருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை. அதனாலேயே வீட்டில் ஒழுங்கு குலைந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இந்தியச் சாமான் விற்கும் கடையிலிருந்து ஒரு பை மிளகாய் வத்தல் வாங்கி வந்திருந்தேன். காம்பு கிள்ளி, பிளந்து விதையை உதறி, காப்பிக்கொட்டை அரைக்கும் சின்ன மெஷினில் பொடித்து டப்பாவில் வைப்பது என் வழக்கம். வறுப்பதில்லை. ஒருமுறை வறுத்தபோது நெடி அடுத்த வீட்டுக்குப் போய், அவர்கள் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட இருந்தார்கள்.

பாதிப் பையைக் கிள்ளி முடித்தபோது விரல்கள் எரிந்தன. இந்தக் குளிரில் தேங்காயெண்ணெய் மெழுகுவர்த்தி போல உறைந்து நிற்கும். கொஞ்சத்தை வழித்து, ஒரு சிறிய எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு அடுப்பருகே வைத்து உருக்கினேன். அதில் விரலைத் தோய்த்துத் தேய்த்தேன், பழைய பேப்பரில் துடைத்தேன், மறுபடி தோய்த்தேன், மறுபடி துடைத்தேன். எரிச்சல் அடங்கியதும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, காம்புகளைக் குப்பைத் தொட்டியில் போடப் பின்முற்றத்துக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக்காரர் நின்றார். மழை வரும் என்றார். நானும் வரும் என்றேன்.

அன்று காலையிலேயே எஸ்தர் சொல்லியிருந்தாள்: “பிள்ளையக் குளிப்பாட்டணும். கொஞ்சம் எண்ணெய் உருக்கி வைங்க.” சரி என்றவன் மறந்துவிட்டேன். அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அடுப்பருகே கிண்ணத்தில் உருகிய தேங்காயெண்ணெய் இளஞ்சூடாக இருந்தது. புருஷன் சொன்ன வேலையைச் செய்துவிட்டார் என்று நினைத்து எடுத்துப் போனாள். சமையலறை மேஜையில் படம் வரைந்துகொண்டிருந்த மெர்சி அதைப் பார்த்தாள்.

டேவிட் அழுத அழுகை பசியாலும் இல்லை, தூக்கத்தாலும் இல்லை. நான் உள்ளே ஓடியபோது எஸ்தர் அவனைக் குளியல் தொட்டியில் பிடித்து, கன்னத்திலும் நெஞ்சிலும் தண்ணீரை வாரி வாரி ஊற்றிக்கொண்டிருந்தாள். கிண்ணம் தரையில் இருந்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது.

“தண்ணி ஊத்தாத எஸ்தரு! ஊத்தாத!”

“பின்ன? எரியட்டும்னு விடச் சொல்றீகளா?”

“அது என் கை தோச்ச எண்ணெய்.”

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள், தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு துண்டை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள். துண்டு, சோப்பு, மறுபடி துண்டு. நான் புதிதாக எண்ணெய் உருக்கி வந்து தடவி, கடலை மாவைத் தூவி ஒற்றி ஒற்றி எடுத்தேன். கண்ணுக்குள் போகவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். அரைமணி நேரத்துக்கும் மேல் அழுதுவிட்டுத் தூங்கிப்போனான். கன்னமும் கழுத்தும் சிவந்திருந்தன. தாடைக்குக் கீழே தோல் உரிந்திருந்தது. சிவப்பு மிளகாயால் வந்தது. தோல் உரிந்தது நாங்கள் இரண்டு பேரும் பதறித் தேய்த்ததால்.

3

அப்பாவுக்குத் தேனி பஜாரில் வத்தல் கமிஷன் கடை இருந்தது. மார்க்கையன்கோட்டை, சுருளிப்பட்டிப் பக்கத்திலிருந்து மூட்டைகள் வரும், குமுளி மேடேறிக் கேரளத்துக்குப் போகும். கேரளத்து வியாபாரிகள் சிலர் காம்பு நீக்கிய வத்தல்தான் வேண்டும் என்பார்கள். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காம்பு கிள்ளுவார்கள்.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன், அறுபதுகளின் நடுவில், நாளிதழில் சேர்ந்த புதிதில், லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அது நடவுக் காலம். பாதிப் பேர் வயலுக்குப் போய்விட்டதால் அம்மாவும் என் அக்கா பாக்கியமும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பிரசவத்துக்குச் சின்னமனூரிலிருந்து வந்து, மூன்று மாதக் கைக்குழந்தையோடு எங்கள் வீட்டில் இருந்தாள். கொட்டகைக்கு வெளியே, நெடி எட்டாத இடத்தில் வேப்பமரக் கிளையில் சேலைத் தொட்டில். குழந்தை சிணுங்கினால் அக்கா எழுந்துவிடுவாள், ஆனால் நேராகத் தொட்டிலுக்குப் போகமாட்டாள்.

முதலில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் இருக்கும் கடலையெண்ணெயை எடுத்து விரலிடுக்கு வரை தேய்ப்பாள். பிறகு ஒரு கூடைத் தவிட்டில் கையை விட்டுப் பிசைவாள். எண்ணெயைத் தவிடு குடித்துவிடும். அந்தத் தவிட்டை உதறிய பிறகுதான் சீயக்காயும் தண்ணீரும். கடைசியாக நடுவிரல் நுனியைத் தன் கண்ணோரத்தில் வைத்து, இமையைக் கொட்டாமல் கொஞ்ச நேரம் நிற்பாள். எரியாவிட்டால் பிள்ளையைத் தூக்குவாள். எரிந்தால் மறுபடி எண்ணெயிலிருந்து ஆரம்பம். தொட்டிலில் பிள்ளை கத்திக்கொண்டே இருக்கும்.

“கண்ணுல வச்சுப் பாக்கணுமாக்கா? கையில எங்கனயாச்சும் வச்சுப் பாத்தாப் போதாதா?” என்று கேட்டேன்.

“கைக்குத் தெரியாதுடா தம்பி. கை மரத்துப்போச்சு. எனக்கு எரிஞ்சா எரியட்டும், நான் பெரியவ.”

எண்ணெய் தீர்ந்திருந்தது. ஊற்றி வரச் சொன்னார்கள். நான் ஒரு வெண்கலக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தேன். கொட்டகையே சிரித்தது. அந்த வரிசையில் வாய் அதிகம் பேச்சியம்மாவுக்கு.

“ஏலே, யாரு இவரு? மருதப் பேப்பர்காரரா? வெங்கலத்துல கொண்டாந்திருக்காரு பாரு, மாப்பிள்ள அழைப்புக்கு!”

“ஏன், என்ன தப்பு?”

“ஆத்தா, என்ன தப்பாம்ல! கிண்ணத்துல இருந்தா எவளாச்சும் நல்லெண்ணெயின்னு எடுத்துட்டுப் போவா. போன வருசம் எங்க தெருவுல ஒரு மருமக இதக் கொண்டுபோயி வெளக்குக்கு ஊத்திப்புட்டா. சாமி கும்புட வந்தவுக அம்புட்டுப் பேரும் இருமுனாக. சாமி ஒண்ணுதான் இருமல.”

“அதுவும் இருமிருக்கும், நமக்குக் கேட்டிருக்காது,” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அம்மா எழுந்து வந்து கிண்ணத்தை வாங்கி எண்ணெயைச் சிரட்டையில் ஊற்றினாள். “இது சிரட்டையிலதான் இருக்கணும். சிரட்டையில இருக்குறத யாரும் தலைக்கும் எடுக்க மாட்டாக, வாய்க்கும் எடுக்க மாட்டாக,” என்றாள். கிண்ணத்தைத் தவிடு போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள்.

மதுரைக்குத் திரும்பியதும் அதை ஒரு சிறு செய்தியாக எழுதினேன். மிளகாய் கிள்ளும் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் கை எரிச்சலைப் போக்கிக்கொள்கிறார்கள் என்ற பத்தி அச்சானது. தவிடும் சிரட்டையும் அடுத்த பத்தியில் இருந்தன. இடம் போதவில்லை என்று அதை எடுத்துவிட்டார்கள். பத்திரிகைக்காரனின் ஞாபகம் ஒரு விசித்திரமான பொருள். இத்தனை ஆண்டுகளாக நான் கையோடு வைத்திருந்தது அச்சான பத்தியை மட்டும்தான்.

4

திங்கட்கிழமை டேவிட்டை எடை பார்க்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டிய நாள். போகாமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று வீடு தேடி வருவார்கள். எஸ்தருக்கு வேலை. நான் தள்ளுவண்டியில் கொண்டுபோனேன்.

இங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரசாங்கம் ஒரு ஹெல்த் விசிட்டரை, அதாவது வீடு தேடி வந்து குழந்தையைப் பார்க்கும் நர்ஸை, ஒதுக்குகிறது. எங்களுக்கு வாய்த்தவர் திருமதி பார்க்கர். ஐம்பது வயதிருக்கும், நிதானமானவர். மெர்சியின் தலையில் பேன் வந்தபோது அதைக் கேவலமாகப் பேசாதவர். டேவிட்டின் சட்டையைக் கழற்றியதும் அவர் கை நின்றது.

“இது என்ன?”

என் ஆங்கிலம் தாளில் பிழையில்லாதது. வாயில் வேறு மாதிரி. எண்ணெய் தடவினோம், எண்ணெயில் மிளகாய் இருந்தது என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாக்கியமும் உண்மை. ஆனால் சேர்த்துக் கேட்டவருக்கு, மிளகாய் போட்ட எண்ணெயைக் காய்ச்சிப் பிள்ளைக்குத் தடவியதாகத்தான் படும். கிண்ணம், கை, வத்தல் என்று விளக்க முயன்றேன். விளக்க விளக்க அது ஒரு சடங்கு போல ஆகிக்கொண்டு வந்தது.

“தடவியது யார்?”

செய்திக்கு யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி என்று கேள்விகள் உண்டு. மற்ற எல்லாவற்றுக்கும் உண்மை சொன்னேன். முதல் கேள்விக்கு மட்டும் “நான்” என்றேன். எஸ்தர் நர்ஸ். அவள் கையால் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தது என்று ஒரு காகிதம் இருந்தால், அது அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் மாடிப்படி ஏற வெகு நேரம் ஆகாது. கடிதம் பிரிக்கிறவனைப் பற்றி யார் என்ன எழுதினாலும் கடிதங்களுக்கு வருத்தமில்லை.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: “உங்கள் பக்கத்தில் குழந்தைகளைத் தண்டிக்க மிளகாயைப் பயன்படுத்துவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். உண்மையா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ‘கண்ணுல மொளகாப் பொடியத் தூவிருவேன்’ என்று தெருவுக்குத் தெரு தாய்மார்கள் மிரட்டிக் கேட்டு வளர்ந்தவன் நான். மிரட்டலோடு நிற்காத வீடுகளும் எனக்குத் தெரியும். “நான்கு மாதக் குழந்தை என்ன தப்புச் செய்யும்?” என்று கேட்டேன். அது பதில் இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை இது பற்றி ஒரு கூட்டம் நடக்கும் என்றார். ஆபத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. டேவிட்டின் பெயரை அதில் சேர்ப்பதா என்று அங்கே முடிவு செய்வார்கள். அதுவரை அவனை நான் தனியாக வைத்திருக்கக் கூடாது. குளிப்பாட்டக் கூடாது. வியாழக்கிழமை அவர் வீட்டுக்கு வருவார். “மெர்சியிடமும் பேச விரும்புகிறேன்.”

தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வரும் வழியில், இதுவே தனியாக வைத்திருப்பதுதானே என்று தோன்றியது. வேகமாக நடந்தேன்.

5

“நான்னு எதுக்குச் சொன்னீக?”

“வேற என்ன சொல்ல?”

“நடந்ததச் சொல்லணும். கிண்ணத்த எடுத்தது நான், தடவுனது நான்.”

“ஒனக்கு வேல போயிரும் எஸ்தரு.”

“வேலைக்காகப் பிள்ளையத் தொடாம ஒக்காந்திருப்பீகளோ? பட்டியல்ல பேரு ஏறுனா அவனுக்கு மீச மொளைக்கிற வரைக்கும் ஒங்களச் சந்தேகமாப் பாப்பாக. அதுக்குச் சம்மதமா?”

நான் எழுந்துபோய் அடுப்பை அணைத்தேன்.

“மெர்சிட்ட என்ன சொல்லப் போறீக?”

“நான் ஒண்ணும் சொல்லச் சொல்லல.”

“சொல்லாம இருக்கச் சொல்றதும் அதுதான்,” என்றாள் எஸ்தர். அவள் அப்பா போடியில் ஏலக்காய் வியாபாரி. தராசுத் தட்டில் விரல் பட்டால் அன்றைக்குக் கடையை மூடிவிட்டுக் கோயிலில் போய் உட்காருவார் என்பார்கள். அந்த வீட்டுப் பெண்.

அவள் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள். நான் மதியம் வீடு திரும்பி, எனக்கே எனக்கென்று யாரும் விதிக்காத ஓர் எல்லைக்குள் உட்கார்ந்திருந்தேன். அவள் இருக்கும்போது தூக்கலாம். தடை தனியாக வைத்திருப்பதற்குத்தான். ஆனாலும் தூக்கவில்லை. ஷூக்களுக்குப் பாலிஷ் போட்டேன். போட்ட ஷூக்களுக்கே மறுபடி போட்டேன். டேவிட் என் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்புவான். நான் பேச்சைக் குறைத்தேன்.

மெர்சிக்கு ஒன்பது வயது. தமிழ் புரியும். பேசும்போது பாதி வழியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். ஒரு வருடமாக மிளகாய் போட்ட எதையும் தொடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் கோட்டில் வாசனை வருகிறது என்று யாரோ சொன்னதிலிருந்து, கோட்டைச் சமையலறைப் பக்கம் மாட்டுவதும் இல்லை. புதன்கிழமை மாலை என் எதிரே வந்து நின்றாள்.

“அப்பா, ஏன் டர்ட்டி ஆயில நல்ல பௌல்ல வச்சீங்க?”

மூன்று நாளாக அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. திருமதி பார்க்கரும், எஸ்தரும், நானும் யார் தடவியது என்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தோம். மெர்சிக்குப் பதில் சொல்ல வாய் திறந்தபோதுதான் வெண்கலக் கிண்ணமும் கொட்டகைச் சிரிப்பும் ஞாபகத்துக்கு வந்தன. சிரட்டையைச் சொன்னேன், தவிட்டைச் சொன்னேன், இருமாத சாமியைச் சொன்னேன். அத்தை கண்ணோரத்தில் விரல் வைத்துப் பார்ப்பதைச் சொன்னேன். சாமிக்குச் சிரித்தாள். கண்ணுக்கு முகத்தைச் சுளித்தாள். “யக்,” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். எவ்வளவு காதில் விழுந்தது என்று தெரியவில்லை.

நான் கடைத்தெருவுக்குப் போய்த் தவிடு வாங்கி வந்தேன். நம் ஊரில் மாட்டுக்கு வைப்பதை இங்கே அழகான அட்டைப் பெட்டியில் போட்டு, மலச்சிக்கலுக்கு நல்லது என்று காலை உணவாக விற்கிறார்கள். நம் நெல் தவிடு போல மாவாக இல்லை. கோதுமைத் தவிடு, செதில் செதிலாக இருந்தது. பொடிக்கலாம் என்று காப்பி மெஷினில் கொட்டப் போனேன். எஸ்தர் என் கையைத் தட்டிவிட்டாள்.

“அதுலதான மொளகா அரைச்சீக?”

அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அப்போது மட்டும்தான். சப்பாத்திக் கட்டையால் நுணுக்கினோம்.

6

வியாழக்கிழமை திருமதி பார்க்கர் வந்தார். தேநீர் வேண்டாம் என்றார். வழக்கமாகக் குடிப்பவர். மெர்சியோடு முன்னறையில் உட்கார்ந்தார். கதவு திறந்திருந்தது. எஸ்தரும் நானும் சமையலறையில் நின்றோம். டேவிட் எஸ்தரின் தோளில் இருந்தான்.

“சனிக்கிழமை என்ன நடந்தது, சொல்கிறாயா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“டேவிட்டுக்கு அம்மா எண்ணெய் தடவினாள்.”

எஸ்தர் கண்ணை மூடினாள். முன்னறையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது.

“அம்மாவா? தான் தடவியதாக அப்பா சொன்னாரே.”

“அம்மா நர்ஸ். அதனால் அப்பா அப்படிச் சொன்னார்.”

“சரி. அந்த எண்ணெயில் மிளகாய் எப்படி வந்தது?”

“அப்பா கையிலிருந்து. மிளகாய் எண்ணெயில்தான் போகும், தண்ணீரில் போகாது. ஆனால் அது தேங்காய் ஓட்டில் இருக்க வேண்டும். தேங்காய் ஓட்டில் இருந்தால் தொடக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எங்களிடம் தேங்காய் இல்லை. அப்பா கிண்ணத்தில் வைத்துவிட்டார். கிண்ணத்தில் இருந்தால் அம்மாவுக்கு எப்படித் தெரியும்?”

எத்தனையோ நிருபர்களின் செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். இதில் ஒரு சொல்லை எடுக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது. அது அச்சாகி விட்டது என்ற நடுக்கமும் கூடவே இருந்தது. எஸ்தர் டேவிட்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, முன்னறை வாசலில் போய் நின்றாள்.

“அவள் சொன்னதுதான் சரி. தடவியது நான்.”

திருமதி பார்க்கர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இந்த மிளகாயை எனக்குக் காட்ட முடியுமா?” என்றார்.

சமையலறை மேஜையில் மிச்சமிருந்த வத்தலைக் கொட்டினேன். எப்படிக் கிள்ளுவது, எப்படிப் பிளப்பது என்று காட்டினேன். அவரும் ஒன்றை எடுத்து முறித்தார், விரலால் உள்ளே தடவிப் பார்த்தார், முகர்ந்து தும்மினார். “இவ்வளவுதானா?” என்றார்.

“கண்ணைத் தொடாதீர்கள்!” என்று கத்தினாள் மெர்சி. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்யப் போன கை பாதியில் நின்றது.

அடுத்த சில நிமிடங்கள் சமையலறை மெர்சியின் கையில் இருந்தது. எண்ணெயை ஒரு பழைய ஜாம் பாட்டில் மூடியில் ஊற்றி வைத்தாள், கிண்ணத்தைத் தொடவில்லை. முதலில் நான் தேய்த்தேன். பிறகு தவிடு, பிறகு சோப்பும் வெந்நீரும். துடைத்துவிட்டு, அக்கா செய்தது போல நடுவிரலை என் கண்ணோரத்துக்குக் கொண்டுபோனேன். மெர்சி எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலை இழுத்துத் தன் கண்ணோரத்தில் வைத்துக்கொண்டாள்.

“வேணாம்மா!”

“ஷ்.”

இமை கொட்டாமல் நின்றாள். அந்தக் கண் என் விரலுக்கு மேலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கையை அசைக்கவும் பயம், எடுக்கவும் பயம்.

“நத்திங்,” என்றாள்.

அதற்குள் திருமதி பார்க்கரும் எண்ணெய் தேய்த்து, தவிட்டில் இரண்டு புரட்டுப் புரட்டி, குழாயில் கழுவி முடித்திருந்தார். எஸ்தரின் தோளில் இருந்த டேவிட் அவருடைய கண்ணாடிச் சங்கிலியைப் பார்த்துக் கை நீட்டினான். அவரும் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். நீட்டியவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். விரல் நுனியைத் தன் கண்ணோரத்தில் வைத்தார்.

மூவரும் காத்திருந்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அந்தக் கண் சுருங்கி, ஒரு சொட்டு நீர் கன்னத்தில் இறங்கியது.

“இன்னும் இருக்கிறது,” என்றார்.

“தவிடு போதவில்லை,” என்றாள் மெர்சி. “மறுபடி எண்ணெயிலிருந்து வர வேண்டும்.”

திருமதி பார்க்கர் மறுபேச்சுப் பேசாமல் ஜாம் மூடியின் மேல் இரண்டு கைகளையும் நீட்டினார். எண்ணெயோடு நின்றுகொண்டே, யாரையும் பார்க்காமல் எஸ்தரிடம் சொன்னார்: “குழந்தையை அவரிடம் கொடுங்கள். என் கை சுத்தமாக நேரமாகும்.”

நாற்காலியில் உட்கார்ந்துதான் வாங்கினேன்.

7

கூட்டம் நடந்த மறுவாரம் கடிதம் வந்தது. எங்கள் தபால் நிலையம் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், என் கைக்கு அகப்படவில்லை. பெயர் பட்டியலில் ஏறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்தருக்கு எந்தக் கேள்வியும் வரவில்லை. வரும் என்று கோடை முழுவதும் காத்திருந்தோம். இப்போதும் உறை தடிமனாக இருந்தால் முதலில் அனுப்பியவர் முகவரியைத்தான் பார்க்கிறாள்.

கோடையில் மெர்சியின் பள்ளிக்கூடத்தில் ஒரு விழா. பந்தை எறிந்து தேங்காயைத் தள்ளினால் அந்தத் தேங்காய் பரிசு. இந்த நாட்டில் தேங்காய்க்கு அது ஒன்றுதான் பயன் போலிருக்கிறது. மெர்சி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள். உடைத்து, பருப்பை எடுத்து, அகலமான பாதியைச் சுரண்டி வழுவழுப்பாக்கினோம். இப்போது சமையலறை ஜன்னல் விளிம்பில் சிரட்டை இருக்கிறது, பக்கத்தில் தவிட்டுப் பெட்டி. விருந்துக்கு வருகிறவர்கள் சிகரெட்டைத் தட்டச் சிரட்டைப் பக்கம் போவார்கள். எங்கிருந்தாலும் மெர்சியின் குரல் வந்துவிடும். அவள் இப்போதும் மிளகாய் தின்பதில்லை. கோட்டை மாடியில்தான் மாட்டுகிறாள்.

எனக்கு மட்டும் ஒன்று நிற்கவில்லை. டேவிட்டைத் தூக்கும் முன், என்னை அறியாமல் விரல் கண்ணோரத்துக்குப் போய்விடுகிறது. மிளகாய் தொட்ட நாளா, தொடாத நாளா என்ற கணக்கு அதற்கில்லை. பஸ் நிறுத்தத்தில் அப்படிச் செய்து, கண்ணில் தூசியா என்று கேட்டவர்கள் உண்டு. பிறந்தநாளன்றும், படம் எடுக்க அவனை மடியில் வைக்கும் முன், எல்லோரும் காத்திருக்க, விரலைக் கண்ணோரத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“அப்பா,” என்றாள் கேமராவைப் பிடித்திருந்த மெர்சி, “இன்னிக்கு ப்ரெட்டும் ஜாமும்தான்.”